ஆறு மில்லிமீட்டர்

சுங்கை பக்காப்பில் சன்னாசியின் பண்ணை.
மூன்றாம் கொட்டகை.
கோழிகளை ஒவ்வொன்றாய்
தலைகீழாகப் பிடித்துத் தந்தார்.
பஞ்சு முனையால் பின்புறம் துடைத்துக்
குழாயிலிட்டு மூடினேன்.
இருபத்தேழாவது கோழி
கையுறை தாண்டிக் கொத்தியது.
நியாயம்தான்.

தீவன மூட்டைக்கருகே மஞ்சள் தூள் டப்பா.
என்ன அண்ணே அது?
"மருந்துதான் தங்கச்சி. சும்மா, வராம இருக்க."
காலால் ஓரம் தள்ளினார்.

பாலத்தில் நெரிசல்.
மடியில் ஐஸ் பெட்டி.
பக்கத்து லாரிக்காரன் எட்டிப் பார்த்து
"என்னம்மா, மீனா?" என்றான்.
ஆமாம் என்றேன்.

மறுநாள் குளுகோர் ஆய்வகத்தில்
சிவந்த தட்டெங்கும்
நடுவில் கரும்புள்ளி வைத்துக்கொண்டு
சால்மோனெல்லா.
பார்க்க அழகு.
அதைச் சொல்லக் கூடாது.

வேறொரு தட்டில் அதைப் பரப்பி
டெட்ராசைக்ளின் வில்லையை நடுவில் வைத்தோம்.
மருந்தின் வாசல்வரை வந்து
காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.
பழகிய வீடு போல.
அந்த மஞ்சள் தூளின் நிஜப் பெயர்
எனக்கு அப்போது புரிந்தது.

பாயான் பாருச் சந்தையில்
கட்டு ஒரு வெள்ளிக்குக் கெசும் இலை.
லக்சாவுக்கா என்றாள் கடைக்காரி.
ஹஸ்லினா சிரிப்பை அடக்கினாள்.
நிழலில் உலர்த்தினோம், அரைத்தோம்,
மெத்தனாலில் மூன்று நாள் ஊற வைத்தோம்.
அறையே லக்சா மணத்தது;
எல்லோருக்கும் பசித்தது.

வெள்ளிக்கிழமை தட்டைத் திறந்தபோது
தாள் வில்லையைச் சுற்றித்
தெளிந்த வளையம்.
பதினான்கு!
ஹஸ்லினா கத்தியதில்
அடுத்த அறைக்காரர் ஓடிவந்தார்.
படம் எடுத்தோம்.
தலைப்புகூட யோசித்துவிட்டோம்.

பிறகுதான் நான்காம் மூலையைப் பார்த்தேன்.
அங்கே வைத்தது இலையே தொடாத தாள்.
வெறும் மெத்தனால்.
அதைச் சுற்றியும் பதினான்கு.

சரியாக உலரவில்லை.
கொன்றது சாராயம்;
பெயர் வாங்கப் பார்த்தது இலை.

படத்தை அழித்தாள்.
நான் அளவுகோலைத் துடைத்தேன்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

மீண்டும்.
இரவெல்லாம் வில்லைகளை உலரவிட்டு
முப்பத்தேழு பாகையில் ஒரு நாள் அடைகாத்தோம்.
கோழி முட்டைக்கும் ஏறக்குறைய அதே சூடுதான்.

வில்லையின் குறுக்களவு ஆறு மில்லிமீட்டர்.
ஒன்றுமே நடக்காவிட்டாலும்
ஆறு என்றுதான் எழுத வேண்டும்.
எங்கள் கணக்கில்
பூஜ்யத்தின் பெயர் ஆறு.

சால்மோனெல்லா: ஆறு. ஆறு. ஆறு.
அதற்கு இரட்டைச் சட்டை,
வெளிச்சட்டையை இலையால் கழற்ற முடியவில்லை.
அதே கோழிகளின் ஸ்டஃபைலோகாக்கஸ்:
ஒன்பது. ஒன்பது. எட்டரை.
வெறுந்தாள்: ஆறு.

ஒன்பதில் ஆறு தாளுடையது.
மிச்சம் மூன்று.
இந்தப் பக்கம் ஒன்றரை,
அந்தப் பக்கம் ஒன்றரை.
ஒரு நகத்தின் வெள்ளை விளிம்பளவு
இலை நிஜமாகச் செய்தது.

சன்னாசியிடமிருந்து குரல் செய்தி.
பின்னால் ஆயிரம் கோழிகள்.
"தங்கச்சி, இலை வேலை செய்யுதா?"

ஆமாம் என்று தட்டி அழித்தேன்.
இல்லை என்று தட்டி அழித்தேன்.
ஒன்றரை என்று அனுப்பினால்
எதில் ஒன்றரை என்று கேட்பார்.

கூப்பிட்டேன்.
அந்த மஞ்சள் தூளை நிறுத்துங்க அண்ணே,
கொட்டகை மாறும்போது காலணியை மாத்துங்க,
டாக்டரைக் கேட்காம எதையும் கலக்காதீங்க.
இலை விஷயம்
இன்னும் பார்த்துட்டுதான் இருக்கோம்.

கொஞ்ச நேரம் கோழிகள் மட்டும் பேசின.

"நட்டாச்சே தங்கச்சி," என்றார்.
"தண்ணித் தொட்டி ஒழுகுற இடத்துல.
சும்மா சொல்லக்கூடாது,
நல்லா வருது."